நீர்க்கடுப்புக்கு மீந்த மாத்திரை போதுமா?

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வேலை. கடந்த ஓராண்டில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது: சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்தாலும் உடனே மறுபடி போக வேண்டும் என்ற அவசரம், அடிவயிற்றில் வலி. முதல் மூன்று முறையும் பேனல் கிளினிக்கில் (நிறுவனம் ஏற்பாடு செய்த தனியார் கிளினிக்) ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாளில் எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிட்டு, மீதியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். நான்காம் முறை கிளினிக்குக்குப் போகாமல் டின்னிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் லேசாக எரிகிறது என்கிறார். பார்மசிக்குப் போய்ப் பழைய மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது மாமியார். வயது 72, பல வருடச் சர்க்கரை நோயாளி. அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். சென்ற முறை சிறுநீர் கலங்கலாகவும் வாடையாகவும் இருந்ததால் சோதித்தார்கள். கிருமி இருப்பதாக முடிவு வந்தது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாததால் மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். குடும்பத்துக்கு இது பொறுக்கவில்லை. திருச்சிக்குப் போய்வந்த நாத்தனார் அங்கே மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்த சிப்ரோஃப்ளாக்சசின் 500 அட்டையைக் கொடுக்க, காலையும் இரவும் ஒன்று என்று ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் காலை மாமியாருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. இனிப்புத் தேநீர் கொடுத்ததும் தெளிந்தார். "பசி மயக்கம்தான், ஆனாலும் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: ஆன்டிபயாட்டிக் என் உடம்புக்குப் பழகிப்போய்விட்டதா, இன்னும் பவர் கூடியது வேண்டுமா? மாமியாரைக் கிளினிக்கில் அலட்சியப்படுத்திவிட்டார்களா? கணவர் புகார் எழுதச் சொல்கிறார், எழுதலாமா? பார்மசிக்காரர் செய்தது நியாயமா? பின்குறிப்பாக ஒன்று: 15 வயது மகனுக்குச் சளி பிடித்தபோதும் அந்த டின்னிலிருந்து அமாக்சிசிலின் கொடுத்தாராம்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் பெரிய பகுதி உங்கள் நீர்க்கடுப்பைப் பற்றியது. ஆனால் நான் மாமியாரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அது வெறும் பசி மயக்கமாகத் தெரியவில்லை

நீங்கள் விவரித்திருப்பது இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிப்போனதன் அறிகுறிகள். கிளிக்லசைடு, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குணம் உண்டு. இரண்டும் சேரும்போது, அதிலும் வயதானவர்களுக்கு, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. சிறுநீரகம் சற்று மந்தமாக இருந்தால் சிப்ரோஃப்ளாக்சசின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், சர்க்கரை இறங்கும் ஆபத்தும் கூடும். பல வருடச் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் 500 மில்லிகிராம் இரண்டு வேளை என்று முடிவு செய்தது யார்? அட்டையில் அச்சடித்த எண்தான் முடிவு செய்திருக்கிறது.

இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். அவருக்கு எந்தச் சிறுநீர்த் தொல்லையும் இல்லை என்பதால் நிறுத்துவதால் கெடுதல் வராது. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். சர்க்கரை இறங்கியது தெரிந்தால்தான் கிளிக்லசைடு அளவை மாற்றுவதா என்று அவர்கள் யோசிக்க முடியும். மறுபடி அப்படி வியர்த்து நடுங்கினால், வீட்டில் கருவி இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே (mmol/L கணக்கில்) இருந்தாலும் சரி, கருவியே இல்லாவிட்டாலும் சரி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்த பிறகு கொஞ்சம் சோறோ ரொட்டியோ சாப்பிட வையுங்கள், ஏனென்றால் கிளிக்லசைடின் வேலை அத்தோடு முடிந்துவிடாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐக் கூப்பிடுங்கள்.

சரி, கிருமி இருந்தும் மருந்து கொடுக்காமல் அனுப்பியது? அந்த டாக்டர் செய்தது சரி. இதை நம்புவது கடினம் என்று எனக்குத் தெரியும். "கிருமி இருக்கிறது" என்று தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு "மருந்து வேண்டாம்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் வயதான பெண்களில் கணிசமானவர்களின் சிறுநீர்ப்பையில், சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் கூடுதலானவர்களுக்கு, கிருமிகள் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். இதை நோயென்று எடுத்து மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள பெண்களை வைத்து நடத்தி 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் பின்னால் வந்த சிக்கல்களில் வித்தியாசம் இல்லை. கிருமி போய்ப் போய்த் திரும்பி வந்தது, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட நாள்கள்தான் பல மடங்கு கூடின. கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் சில அறுவைச் சிகிச்சைகள் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் மட்டும் கணக்கு வேறு. அவர்களுக்குத் தொல்லை இல்லாவிட்டாலும் மருந்து கொடுப்போம்.

கலங்கலும் வாடையும் மட்டும் தொற்றுக்கு அடையாளம் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தால் இரண்டும் வரும். முதல் நாள் சம்பலில் பெத்தாய்க் கொட்டை சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் வாடைக்குக் கேட்கவே வேண்டாம்.

புகார் எழுதும் எண்ணத்தைக் கணவர் விட்டுவிடலாம். ஆனால் அடுத்த முறை அவரும் கூடப் போய், ஏன் மருந்து வேண்டாம் என்று கேட்கட்டும். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அன்றைக்கே இரண்டு நிமிடம் எடுத்து விளக்கியிருந்தால் திருச்சி அட்டைக்கு வேலை இருந்திருக்காது என்பதையும் ஒரு மருத்துவனாக ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் நீர்க்கடுப்பு

மருந்து உங்கள் உடம்புக்குப் பழகவில்லை. பழகிக்கொள்வது கிருமிதான். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து வருவதில்லை, நம் குடலிலேயே இருப்பது. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் அங்கிருந்து பைக்குள் ஏறுவது அதற்குச் சுலபம். நீங்கள் எதற்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் அது குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் மீதும் படுகிறது. தாங்காதவை சாகும், தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகும். அடுத்த முறை சிறுநீர்ப்பைக்கு ஏறி வருவது பெரும்பாலும் அந்த மிஞ்சிய கூட்டத்திலிருந்துதான். டின் மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

"பவர் கூடியது" என்ற ஏணி ஒன்றும் மருந்துகளில் கிடையாது. எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடம், யாருடைய உடம்பு என்ற மூன்றையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். நைட்ரோஃபுரான்டோயின் என்று ஒரு பழைய மருந்து இருக்கிறது. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்றும் முதல் வரிசையில் நிற்பது அதுதான், ஏனென்றால் அது சிறுநீரில் போய்ச் சேர்ந்து அங்கேயே வேலை செய்கிறது. அதே காரணத்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அது உதவாது. சிறுநீரகம் மந்தமானவர்களுக்கும், ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறைபாடு) உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. நம் மலேசியாவில் குழந்தை பிறந்தவுடன் செய்யும் ஜி6பிடி சோதனை இதுபோன்ற ஆபத்துகளை முன்கூட்டியே அறியவும் உதவும். மகனுடைய பழைய குழந்தை மருத்துவப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அமாக்சிசிலினை மட்டும் எடுத்தால், தொண்டையில் சில கிருமிகளுக்கு அது இன்றும் அருமையான மருந்து. ஈ.கோலையில் பெரும்பங்கு அதற்கு எப்போதோ மசியாமல் போய்விட்டது. சிப்ரோஃப்ளாக்சசினைச் சாதாரண நீர்க்கடுப்புக்கு முதல் மருந்தாகக் கொடுப்பதை இப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள். தசைநாண் கிழிவது, நரம்புக் கோளாறு என்று அதற்குச் சில மோசமான பக்க விளைவுகள் உண்டு. அவ்வளவு சின்ன நோய்க்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்களுக்கு இப்போது தேவை இன்னொரு மாத்திரை அல்ல, சிறுநீர்க் கல்ச்சர் சோதனை. ஓராண்டில் நான்கு முறை என்றால் மருத்துவக் கணக்கில் அது "திரும்பத் திரும்ப வரும் தொற்று". மூன்று முறை வந்தாலே அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவோம். இதுவரை கிளினிக்கில் குச்சியை நனைத்துப் பார்த்திருப்பார்கள். அது ஏதோ அழற்சி இருக்கிறது என்று சொல்லும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லாது. கல்ச்சரில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதால் இரண்டு மூன்று நாள் ஆகும். மாதிரியைப் புதிய மருந்தின் முதல் மாத்திரை வாயில் படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். டின்னிலிருந்து எடுத்ததைக் கடைசியாக என்றைக்குச் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மிச்ச மருந்து கிருமியை வளரவிடாமல் செய்து, முடிவு பொய்யாகச் "சுத்தம்" என்று வந்துவிடலாம். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

எரிச்சல் தாங்க முடியாவிட்டால் மாதிரி கொடுத்த கையோடு டாக்டர் ஒரு மருந்தை ஆரம்பித்துவிட்டு, முடிவு வந்தபின் தேவைப்பட்டால் மாற்றுவார். கிருமியே இல்லை என்று முடிவு வந்தால் அதுவும் உருப்படியான தகவல்தான். 46 வயதில் மாதவிலக்கு முன்பின்னாக ஆரம்பித்திருக்கிறதா? ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தப் பகுதி வறண்டு எரிவதும் தொற்று அடிக்கடி வருவதும் நடக்கும், அதற்கு உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. வெள்ளைப்படுதலோடு அரிப்பு என்றால் பூஞ்சையாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் அதை இன்னும் கிளப்பிவிடும். உங்கள் சொந்தச் சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டுப் போங்கள்.

வேலையிடத்தைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: கிளீன்ரூம் (தூசியில்லா அறை) உடையைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்பதால் ஷிஃப்டில் தண்ணீரே குடிப்பதில்லை, அடக்கியும் வைக்கிறேன் என்று. தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஓராண்டில் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, ஆன்டிபயாட்டிக்கும் அதோடு குறைந்தது. ஷிஃப்டுக்கு நடுவே ஓய்வறைக்குப் போக அனுமதி வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதுவதைவிட அந்தக் கடிதம் எழுத எனக்கு அதிக விருப்பம். உடம்புச் சூட்டுக்குப் பார்லித் தண்ணீர் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடியுங்கள், தண்ணீர்க் கணக்கில் சேரும், ஆனால் கிருமியைக் கொல்லாது. மாமியாருக்குக் கொடுத்தால் சர்க்கரை போடாமல்.

எத்தனை நாள் சாப்பிடுவது?

"கோர்ஸை முடிக்காததால்தான் இப்படி ஆகிவிட்டதோ" என்று உங்களையே குறை சொல்லியிருக்கிறீர்கள். பாதி சரி. இரண்டு நாளில் நிறுத்தினால் தொற்று முழுசாக அடங்காமல் திரும்பலாம். எரிச்சல் குறைவது முதலில் நடக்கும், கிருமி அடங்குவது அதற்குப் பின். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டால்தான் கிருமி பழகாது என்ற பழைய நம்பிக்கை இப்போது மாறிவிட்டது. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடல் கிருமிகளுக்குக் கூடுதல் பயிற்சிதான். அதனால் பல தொற்றுகளுக்கு நாள்களைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். பெண்களின் சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின் ஐந்து நாள், ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு பொட்டலம். காசநோய்க்கோ வழக்கமாக ஆறு மாதம், அதில் ஒரு நாள்கூட விடக் கூடாது. மருந்து வாங்கும்போதே "எத்தனை நாள், எப்போது நிறுத்தலாம்?" என்று கேட்டுப் பாக்கெட்டில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி சாப்பிட்டால் டின்னுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பார்மசியும் நாத்தனார் அட்டையும்

பார்மசிக்காரர் சட்டப்படி நடந்தார். 1952ஆம் ஆண்டின் ஆக்தா ராச்சுன் என்ற நச்சுப்பொருள் சட்டத்தில் ஆன்டிபயாட்டிக்குகள் பி பிரிவில் வருகின்றன, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்றால் அவர் மாட்டிக்கொள்வார். இந்தியாவிலும் இவை சீட்டுக்குத் தரும் மருந்துகள்தான், கேட்டதும் கிடைத்துவிடுகிறது என்பது வேறு கதை. இங்கே பதிவான மருந்துகளில் "மால்" என்று தொடங்கும் பதிவெண் இருக்கும், நாத்தனார் அட்டையில் அது இருக்காது.

உங்கள் பக்கம் உள்ள உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக்கில் மருந்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, சீட்டு எழுதித் தரச் சொல்லி வெளியே பார்மசியில் வாங்கலாம். பாக்கெட்டில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். கல்ச்சர் முடிவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டருக்கு உங்கள் டின்னைவிட அந்தத் தாள் ஆயிரம் மடங்கு உதவும். பேனல் கிளினிக்கில் கல்ச்சர் எடுக்கச் செலவாகும் என்று இழுத்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான், காத்திருக்கப் பொறுமை வேண்டும். டின்னில் இருப்பவற்றையும் அப்போதே எடுத்துப் போய் அங்குள்ள மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம்.

மகன் விஷயம் சுருக்கமாக. சளியும் இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் வைரஸ், அமாக்சிசிலினுக்கு அங்கே வேலை இல்லை. இருமல் இல்லாமல் காய்ச்சல், தொண்டையில் வெள்ளைப் படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கும் கட்டி என்று வந்தால் ஸ்ட்ரெப் பாக்டீரியாவாக இருக்கலாம், அப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.

கல்ச்சர் சோதனைக்கு இந்த வாரத்துக்குள் போனால் போதும். ஆனால் உங்களுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கம் முதுகில் வலி, வாந்தி என்று ஏதாவது வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாமியாருக்கு இன்னும் ஒரு எச்சரிக்கை. வெறுங்காலோடு கீரைப் பாத்தியில் இறங்கி வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். நம் மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளை அது கடுமையாகத் தாக்கும், அமாக்சிசிலின் போன்ற வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் ஊசியும் அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படும். பாத்திக்குப் போகும்போது பூட்ஸ் போடச் சொல்லுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எதையும் கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை நோய் இருக்கிறது, மண்ணில் வேலை செய்கிறார் என்று அங்கே முதலிலேயே சொல்லி, ஆன்டிபயாட்டிக் ஏற்றும் முன் இரத்தக் கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.